சொம்புக்கு எப்படி வேர்க்கும்?

பேரப்பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் தாத்தாக்கள் இரண்டு காரியம் செய்வார்கள். "போய்ப் பாடத்தைப் படி!" என்று அதட்டுவார்கள். அல்லது, அவசர வேலை என்று ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் இரண்டாவது ரகம்.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டு ஹால் ஃபேன் திடீரென்று மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி சுற்ற ஆரம்பித்தது. எலெக்ட்ரீஷியன் வந்தார். ஸ்டூலில் ஏறினார். இறக்கையை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தார். "கண்டென்சர் போயிடுச்சு சார்" என்று, ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வரும் டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு இறங்கினார்.

சோபாவில் உட்கார்ந்திருந்த பேத்தி (ஏழாங்கிளாஸ்) நிமிர்ந்தாள்.

"தாத்தா, ஸ்கூல்ல கண்டென்சேஷன் நடத்தினாங்க. ஆவி குளிர்ந்து தண்ணியாகறது. அப்ப ஃபேன் கண்டென்சர்லேர்ந்து தண்ணி வருமா?"

"வராதும்மா. வந்தா ஷாக் அடிக்கும்."

"சரி, கண்டென்ஸ்டு மில்க்? பாலை ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிர வெச்சு, மறுபடி பாலாக்குவாங்களா?"

எலெக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். 36 வருஷம் பாங்கில் குப்பை கொட்டியவனுக்கு வட்டிக் கணக்கு தெரியும். இது தெரியவில்லை.

"ஊருக்குப் போயிட்டு வந்து சொல்றேன். அங்கே ஒரு பெரிய வாத்தியார் இருக்கார்" என்று தப்பித்தேன்.

பொய்யில்லை. அன்று ராத்திரி எனக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட். போகிற இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். வாத்தியார், என் அத்தான். அக்காவின் முதல் வருஷத் திதிக்குப் போகிறேன்.

* * *

விடிகாலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. ஏ.சி. கோச்சில் ராத்திரி முழுக்கப் போர்வைக்குள் நடுங்கிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் கால் வைத்தேன். அவ்வளவுதான்... உலகமே வெள்ளையாகிவிட்டது! ஸ்டேஷன் போர்டு தெரியவில்லை. ஆள் தெரியவில்லை. பெஞ்சு தெரியவில்லை, முட்டியில் இடித்த பிறகு தெரிந்தது.

"என்ன மாப்ள, இறங்கும்போதே அழுதா எப்படி?"

அத்தான் குரல். 78 வயசுக்கு நல்ல கணீர்.

"அழலை அத்தான். கண்ணாடி மங்கிடுச்சு."

"தெரியும்யா. 33 வருஷம் இதைத்தானே நடத்தினேன்" என்று சொல்லிக்கொண்டே என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, தன் மேல்துண்டில் துடைத்து மாட்டிவிட்டார். "ராத்திரி பூரா ஏ.சி.யில கிடந்து கண்ணாடி சில்லுனு ஆயிடுச்சு. வெளியே ஆடி மாசத்து ஈரக் காத்து. காத்துல இருக்கிற நீராவி குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் துளித்துளியா ஒட்டிக்கிச்சு. சரி, நேத்து சென்னையில ரயில் ஏறும்போது மங்கிச்சா?"

யோசித்தேன். "இல்லையே..."

"மங்காது! வெதுவெதுப்பான கண்ணாடி, குளிர்ந்த காத்துக்குள்ளே போனா மங்காது. குளிர்ந்தது ஈரத்துக்கு வந்தாத்தான் மங்கும். ஞாபகம் வெச்சுக்க. பரீட்சைக்கு வரும்."

ரிடையர் ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் வாத்தியார் வாத்தியார்தான். ஆட்டோவில் போகும்போது வடபத்ரசாயி கோயில் கோபுரம் தெரிந்தது. பதினோரு நிலை, 192 அடி. தமிழக அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று இந்த ஊரில் யாரிடமும் கேட்காமலே சொல்வார்கள். அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. மலையின் தலையில் ஒரு மேகம், ஈரத்துண்டு போட்ட மாதிரி.

"அதுவும் உன் கண்ணாடியில ஒட்டின அதே சமாச்சாரம்தான்" என்றார் அத்தான். "சைஸ்தான் வேற."

* * *

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மேலே போனால் இந்தக் கட்டுரை வெறும் பாடமாகிவிடும்.

1998-ல் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். அதே சமயம் எங்கள் கிளையில் ஆடிட். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். நிஜம் என்னவென்றால், நான் அழுத்திக் கேட்கவே இல்லை. பிரமோஷன் லிஸ்ட் வரவிருந்த நேரம். மணியார்டர் அனுப்பிவிட்டு இருந்துவிட்டேன். தாய்மாமன் செய்ய வேண்டியதை வேறு யாரோ ஒன்றுவிட்ட உறவு செய்தது.

அதுவரை அக்கா எனக்கு இன்லண்ட் லெட்டர் எழுதுவாள். எறும்பு வரிசை மாதிரி எழுத்து. மடிக்கிற இடம், ஒட்டுகிற இடம், விலாசத்துக்குப் பக்கத்தில் மிச்சமிருக்கும் இரண்டு அங்குலம் எதையும் விடமாட்டாள். எருமை கன்று போட்டதிலிருந்து எதிர்வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனது வரை அதில் இருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு அது போஸ்ட் கார்டு ஆனது. வருஷத்துக்கு ஒன்று, பொங்கலுக்கு. அதில் இருப்பது இவ்வளவுதான்: 'நலம். நலமறிய ஆவல். அக்கா.'

செல்போன் வந்த பிறகும் அந்தக் கார்டு நிற்கவில்லை, வரியும் கூடவில்லை. பாசம் ஆவியாகிப் போச்சு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பதிலுக்கு நானும் ஒரு வரி. வேறு வீட்டு விசேஷங்களில் பார்த்தால், "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." போன வருஷம் ஆடியில் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

இதைப் பற்றி அத்தான் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

* * *

வீட்டுக்குள் நுழைந்ததும் மேஜை மேல் அக்காவின் பித்தளைச் சொம்பு. ஃப்ரிட்ஜ் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தார் அத்தான். சொம்பு முழுக்க முத்து முத்தாக வேர்வை.

"இங்க பாரு, சொம்புக்கு வேர்த்திருக்கு. தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?"

"உள்ளேர்ந்து கசிஞ்சு..." என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"உங்க அக்காவும் சாகறவரைக்கும் அதைத்தான் சொன்னா. பித்தளை எங்கேய்யா கசியும்? கிளாஸ்ல இதுக்குன்னே ஒரு வேலை பண்ணுவேன். சொம்புக்குள்ள ஐஸ் தண்ணி ஊத்தி, ஒரு பாட்டில் சிவப்பு இங்க்கைக் கலந்துடுவேன். வெளியே வேர்க்கிற தண்ணி சிவப்பா இருந்தா உள்ளேர்ந்து வந்தது. வெள்ளையா இருந்தா காத்துலேர்ந்து வந்தது. தொட்டுப் பாருங்கடான்னு சொல்லுவேன். அத்தனை பயலும் தொட்டுப் பார்ப்பான். ஒருத்தன் நக்கியே பார்த்தான்!"

கொல்லைப்புறத்தில் மண்பானை இருந்தது. அதுவும் வெளியே ஈரம்.

"இது?" என்றேன், கொஞ்சம் எகத்தாளமாக.

"இது நிஜமாவே கசியுது! மண்ணுல கண்ணுக்குத் தெரியாத துவாரம். உள்ளே இருக்கிற தண்ணி வெளியே வந்து ஆவியாகுது. ஆவியாகும்போது பானையோட சூட்டைத் தூக்கிட்டுப் போகுது. அதான் பானைத் தண்ணி சில்லுனு இருக்கு. சொம்புல ஆவி தண்ணியாகுது. பானையில தண்ணி ஆவியாகுது. பார்வைக்கு ரெண்டும் ஒரே ஈரம். நேர் எதிர் சங்கதி! ஈரத்தைப் பார்த்துட்டு உடனே காரணம் சொல்லிடக் கூடாது மாப்ள."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அவர் பாட்டுக்குப் பால் வாங்கப் போய்விட்டார்.

* * *

திதி முடிந்தது. காக்காய் சாதத்தை எடுக்குமா எடுக்காதா என்று எல்லோரும் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எடுத்தது. சாயங்காலம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேத்தியின் கேள்வியைச் சொன்னேன். அத்தான் வெற்றிலையை மடித்துக்கொண்டே ரொம்ப நேரம் சிரித்தார்.

"கெட்டிக்காரி. தப்பு அவளுது இல்லே, அந்த வார்த்தையுது. லத்தீன்ல அதுக்கு அர்த்தம், நெருக்கமாக்கறது. கெட்டியாக்கறது. அவ்வளவுதான். எதெது நெருங்குதோ, அதுக்கெல்லாம் வெள்ளைக்காரன் அந்த ஒரே பேரை வெச்சுட்டான். ஆவி நெருங்கித் தண்ணியானாலும் கண்டென்சேஷன். பால் இறுகினாலும் கண்டென்ஸ்டு. மின்சாரத்தை நெருக்கி சேர்த்து வைக்கிற கருவிக்கு 1782-ல வோல்டா அந்தப் பேரை வெச்சார். அதான் உன் ஃபேன்ல போனது. நாம அழகா 'மின்தேக்கி'ன்னு சொல்றோம். ஏ.சி. மெஷினுக்கு வெளியே சூடா ஊதுது பாரு, அதுக்குள்ள இருக்கிறதும் கண்டென்சர். அது நிஜமாவே ஆவியைத் திரவமாக்குது. பெரிய நாவலை அம்பது பக்கத்துல சுருக்கினாலும் அதே வார்த்தைதான்."

"தமிழ்ல?"

"தமிழ்ல பாடப் புத்தகம் எழுதினவங்க 'ஆவி சுருங்குதல்'னு போட்டாங்க. இலங்கைப் புத்தகத்துல 'ஒடுங்கல்'. நான் புதுசா வேலைக்குச் சேர்ந்த வருஷம் போர்டுல 'ஆவி சுருங்குதல்'னு எழுதினேன். கடைசி பெஞ்சுலேர்ந்து ஒருத்தன் எந்திரிச்சு, 'சார், ஆவி சுருங்கினா குட்டிப் பேய் ஆயிடுமா?'ன்னான். அன்னியோட அந்த வார்த்தையை விட்டுட்டேன். 'ஆவி குளிர்தல்'னு சொல்லிக் குடுத்தேன்."

யோசித்துப் பார்த்தால், நம் சனங்கள் இந்த விஷயத்தில் வார்த்தைக்குப் பஞ்சம் வைக்கவில்லை. சொம்புக்கு வேர்க்கிறது. கண்ணாடி மங்குகிறது. இட்லிப் பானை மூடியில் ஆவித்தண்ணி நிற்கிறது. மலையில் சாரல் அடிக்கிறது. குழம்பு வற்றுகிறது. பால் சுண்டுகிறது. பாகு இறுகுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர். ஒன்றை இன்னொன்றாகச் சொல்லிப் பாருங்கள்... 'குழம்புக்கு வேர்த்துடுச்சு' என்றால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது!

ஆனால் 'பனி' விஷயத்தில் நாமும் சறுக்குகிறோம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்கிறோம். பனி கொட்டுகிறது, பெய்கிறது என்கிறோம். பனி மேலேயிருந்து விழுவதே இல்லையாம். வில்லியம் வெல்ஸ் என்ற டாக்டர், ராத்திரி ராத்திரியாகத் தோட்டத்தில் கம்பளிப் பஞ்சை எடைபோட்டு வைத்து, விடிந்ததும் மறுபடி எடைபோட்டு, 1814-ல் புத்தகமே எழுதினார். தெளிந்த வானமுள்ள ராத்திரியில் புல்லும் இலையும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகின்றன. அக்கம்பக்கத்துக் காற்றில் உள்ள நீராவி அவற்றின் மேல் படிகிறது. அதாவது புல்லுக்கும் சொம்பு மாதிரியே வேர்க்கிறது!

"இட்லி எப்படி வேகுது, தெரியுமா?" என்றார் அத்தான், விடாமல்.

"ஆவியில."

"ஆவி என்ன பண்ணுது? மாவைத் தொட்டதும் குளிர்ந்து தண்ணியாகுது. 100 டிகிரி நீராவி ஒரு கிராம், அதே 100 டிகிரியில தண்ணியா மாறும்போது 540 கலோரி சூட்டைக் குடுத்துட்டுப் போகுது. ஒரு கிராம் கொதிதண்ணி ஐஸ் மாதிரி சில்லுனு ஆறற வரைக்கும் குடுத்தாக்கூட 100 கலோரிதான். அதான் கொதிதண்ணி பட்டதைவிட ஆவி பட்டா காந்தல் அதிகம். தண்ணி ஆவியாகறப்போ அடுப்புலேர்ந்து வாங்கினதை மறைச்சு வெச்சிருக்கும். திரும்பித் தண்ணியாகும்போது ஒரு பைசா குறையாமத் திருப்பிக் குடுத்துடும். உங்க பாங்கு மாதிரி இல்லே."

ஜேம்ஸ் வாட் விஷயத்தையும் சொன்னார். அந்தக் காலத்து நீராவி எந்திரத்தில், வேலை செய்கிற சிலிண்டருக்குள்ளேயே தண்ணீரை அடித்து ஆவியைக் குளிர வைப்பார்களாம். ஒவ்வொரு தடவையும் சிலிண்டரைச் சூடாக்கு, குளிர வை, சூடாக்கு... விறகு கொள்ளை போகாமல் என்ன செய்யும்? நிலக்கரிதான், இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். 1765-ல் வாட் கிளாஸ்கோ நகரத்துப் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது, ஆவியைக் குளிரவைக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைத்தால் என்ன என்று தோன்றியது. 1769-ல் பேடன்ட். அந்தத் தனிப் பாத்திரம்தான் கண்டென்சர்.

"நம்மாளும் ஒருத்தர் இதுல உண்டு" என்றார். "டாக்கா யூனிவர்சிட்டியில இருந்த சத்யேந்திர நாத் போஸ், 1924-ல ஐன்ஸ்டீனுக்கு ஒரு கட்டுரையோட கடுதாசி போட்டார். அதைப் பிடிச்சுக்கிட்டு ஐன்ஸ்டீன் மேலே போனார். அணுக்களை ரொம்ப ரொம்பக் குளிர வெச்சா அத்தனையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா ஒடுங்கி, ஒரே அணு மாதிரி நடந்துக்கும்னு சொன்னார். செஞ்சு காட்ட எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? எழுபது! 1995-ல அமெரிக்காவுல ரூபிடியம் அணுக்களை வெச்சு நடத்திக் காட்டினாங்க. 2001-ல நோபல் பரிசு. போஸுக்கு இல்லே, அவர் 1974-லயே போயிட்டார். ஒரு கடுதாசிக்குப் பலன் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

கடுதாசி என்றதும் நான் தெருவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

* * *

மறுநாள் காலையில், "சீசன்ல வந்துட்டு குற்றாலம் பார்க்காமப் போனா ஊர் சிரிக்கும்" என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். வாடகைக் கார். ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர்... வழி நெடுக வலது பக்கத்தில் மலை கூடவே வந்தது. புளியங்குடி வரை நல்ல வெயில். கர்ச்சீப் நனைந்தது. தென்காசியை நெருங்கும்போது, யாரோ பெரிய ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்த மாதிரி ஒரு காற்று.

"இதுதான் ஆரியங்காவுக் கணவாய்க் காத்து" என்றார் அத்தான். "அரபிக்கடல்லேர்ந்து தென்மேற்குப் பருவக்காத்து ஈரத்தைச் சுமந்துட்டு வருது. மலை தடுக்குது. மேலே ஏறியாகணும். ஏற ஏற காத்து விரிஞ்சு குளிரும். ஈரம் ஆவியாவே இருக்கற வரைக்கும் கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி கணக்கு. ஒரு உயரத்துல தாங்க முடியாம மேகமா மாறி, கேரளா பக்கம் கொட்டித் தீர்த்துடும். மலைக்கு இந்தாண்ட நமக்கு மிச்சம் மீதிதான். ஆனா இங்க கணவாய் இருக்கறதால, அந்த மேகம் கொஞ்சம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அந்த மிச்சத்துக்குப் பேர்தான் சாரல்."

மிச்சமே இந்த அழகு என்றால்! வெயிலும் இருக்கிறது, தூறலும் இருக்கிறது. குடை பிடித்தால் சிரிப்பார்கள். பிடிக்காவிட்டால் அரை மணியில் சட்டை ஈரம். மெயின் அருவியில் கூட்டம் நெரித்தது. உடம்பெல்லாம் எண்ணெயோடு ஆட்கள் மினுமினுவென்று போனார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து, "பெரியவரே, மசாஜ்?" என்றார். என் எலும்புகளை எண்ணிப் பார்த்துவிட்டு அவரே கையை விட்டுவிட்டார்.

ஐந்தருவியில் குளித்தோம். தலையில் விழுந்த முதல் அடியில் பிரமோஷன், பென்ஷன் எல்லாம் மறந்துபோனது. மேலே பார்த்தால் பாறை, அதற்கு மேல் மரம், அதற்கு மேல் மேகம். மேகத்துக்கும் அருவிக்கும் நடுவில் கோடு எங்கே என்று தெரியவில்லை. என்றோ கடலை விட்டுப் பிரிந்து ஆவியாகப் போனது, மலையின் குளிர்ச்சி பட்டதும் தண்ணீராகி என் மண்டையில் விழுகிறது! மறுபடி சிற்றாறாக ஓடித் தாமிரபரணியில் கலந்து, இந்தத் தடவை கிழக்குக் கடலுக்குப் போகும்.

வெளியே வந்து நடுங்கிக்கொண்டே சுக்குக் காபி குடித்தோம். ரம்புட்டான் பழம் வாங்கினேன். மங்குஸ்தான் விலையைக் கேட்டுவிட்டு வாங்கவில்லை.

* * *

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பியதும் பேத்திக்குப் பால்கோவா வாங்க வேண்டுமே? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா ஆயிற்றே! அத்தானுக்குத் தெரியாத கடையா? அவருடைய பழைய மாணவர் ஒருவரின் அடுப்படிக்கே கூட்டிப்போய்விட்டார்.

உள்ளே நாலு அடுப்பு. முந்திரி ஓடு போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய இரும்புச் சட்டிகளில் பால் கொதிக்கிறது. பனியனோடு ஒருவர் துடுப்பு மாதிரி நீளக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்கிறார். ஒரு நிமிஷம் கையை எடுத்தால் அடிப்பிடித்துவிடும். உள்ளே நுழைந்ததும் என் கண்ணாடி பழையபடி மங்கியது. குற்றாலத்துக் குளிர் காரின் ஏ.சி.யிலும் கூடவே வந்திருக்கிறது!

"பத்து லிட்டர் பாலுக்கு ஒண்ணேகால் கிலோ சர்க்கரை சார்" என்றார் மாஸ்டர். "இறக்கினா மூணு, மூணரை கிலோ நிக்கும். மத்ததெல்லாம் மேலே போயிடும்."

பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகிக் கூரைக்குப் போகிறது. கூரைத் தகரத்தில் பட்டுச் சொட்டுச் சொட்டாக நிற்கிறது. கீழே சட்டியில், மிச்சமிருப்பது திரண்டு பழுப்பு நிறமாக வருகிறது.

"உன் பேத்திக்குப் பதில் இதோ" என்று அத்தான் முதலில் கூரையைக் காட்டினார், அப்புறம் சட்டியை. "மேலே நடக்கறது ஆவி குளிர்தல். கீழே நடக்கறது பால் சுண்டறது. 1856-ல அமெரிக்காவுல கெயில் போர்டன்னு ஒருத்தர் கண்டென்ஸ்டு மில்க்குக்குப் பேடன்ட் வாங்கினார். மூடின பாத்திரத்துல காத்தை உறிஞ்சிட்டா, பால் குறைஞ்ச சூட்டுலயே கொதிச்சு, தீயாம சுண்டும். போற ஆவியைக் குளிர வெச்சுத் தண்ணியாக்கி வெளியே விட்டுடுவாங்க. பாடப் புத்தகப்படி கண்டென்ஸ் ஆகறது அந்த ஆவி. ஆனா பேரு யாருக்கு? டப்பாவுக்குள்ள இருக்கிற பாலுக்கு! ஒரே எந்திரத்துல ரெண்டும் நடக்குது. ஒண்ணு, போனது திரும்பி வர்றது. இன்னொண்ணு, நிறைய போனதால மிச்சம் கெட்டியாகறது."

எனக்கு என்ன தோன்றியதோ, சட்டென்று கேட்டுவிட்டேன்.

"அத்தான்... அக்கா கடுதாசி ஏன் ஒரு வரியாச்சு?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மாஸ்டர் கிண்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தந்தி பாஷையை நினைத்துக்கொண்டேன். 2013-ல் தந்தியையே மூடிவிட்டார்கள். அதற்கு முன் வார்த்தைக்கு இவ்வளவு காசு என்று எண்ணி எண்ணி, 'அம்மா சீரியஸ் உடனே வா' என்று அனுப்புவோம். அதிலாவது காசுக்காகச் சுருக்கினோம். போஸ்ட் கார்டில் இடத்துக்கா பஞ்சம்?

"நீ என்ன நினைச்சே?" என்றார் மெதுவாக.

"ஆவியாகிப் போச்சுன்னு."

"ஒவ்வொரு தையிலயும் மூணு நாள் உட்காருவா மாப்ள. முதல் நாள் பெரிய தாள்ல ரெண்டு பக்கம் எழுதுவா. உன்னைத் திட்டி ஒரு பக்கம், மத்ததெல்லாம் ஒரு பக்கம். படிச்சுப் பார்த்துட்டு, 'இதைப் படிச்சா அவன் மனசு கஷ்டப்படும்'னு அந்தப் பக்கத்தைக் கிழிப்பா. மறுநாள் மத்ததை எழுத ஆரம்பிச்சா, அதுல கல்யாணப் பேச்சு வந்துடும். அடிப்பா. 'ஏன் வரலை'ன்னு கேக்காம எழுதணும், அதே சமயம் எழுதாமலும் இருக்கக் கூடாது. மூணாம் நாள் கார்டுல அந்த ஒரு வரிதான் நிக்கும். தபால் பெட்டி வரைக்கும் அவளே நடந்து போய்ப் போடுவா. என்கிட்ட குடுக்க மாட்டா, நான் மறந்துடுவேனாம்."

மாஸ்டர் சட்டியை இறக்கினார்.

"சுண்டினதுய்யா அது" என்றார் அத்தான். "வத்தலை."

வாழை இலைத் துண்டில் சூடாகக் கொஞ்சம் பால்கோவா வைத்து என் கையில் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். அக்கா வீட்டில் கிண்டுகிற திரட்டுப்பால் ஞாபகம் வந்தது. இதைவிட ஒரு பிடி சர்க்கரை தூக்கலாக இருக்கும்.

"எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே அத்தான்?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. திதி முடியட்டும்னு இருந்தேன்." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நேத்து காக்கா வந்து எடுத்துச்சில்லே? ஆவி குளிர்ந்திருக்கும். விடு."

* * *

ராத்திரி ரயிலுக்கு வந்து ஏற்றிவிட்டார். இரண்டு கிலோ பால்கோவா, ரம்புட்டான், அக்காவின் பித்தளைச் சொம்பு. "பேத்திக்குக் குடு. சிவப்பு இங்க்கு வாங்கிக் கலந்து காட்டு. நக்கிப் பார்க்க விடாதே" என்றார்.

"அத்தான், ஊருக்குப் போனதும் கடுதாசி போடறேன்."

"போடு. ஆனா ஒரு வரி வேணாம். எனக்குப் பொழுது போகணும். நாலு பக்கம் எழுது."

பிளாட்பாரத்தில் புழுக்கம். வண்டி ஊதியது. அவர் கையை விட்டுவிட்டு ஏ.சி. கோச்சுக்குள் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்டேஷன் போர்டு தெரியவில்லை. பெஞ்சு தெரியவில்லை. கையசைத்துக்கொண்டிருந்தவர் வெள்ளையாக, கலங்கலாகத் தெரிந்தார்.

வெதுவெதுப்பான கண்ணாடி குளிர்ந்த காற்றுக்குள் போனால் மங்காது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். கழற்றித் துடைத்துப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.